ஆலயத்து ஆசனங்களில் ஓர் ஊரின் சரித்திரம்

ஒரு கிராமத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், எங்கே தொடங்குவது என்று முதலில் திகைப்பர். தேச சரித்திரத்தை அரசர் வரிசையைக்கொண்டு எழுதிவிடலாம். கிராமத்திற்கோ அரசர் இல்லை. நிலமும் வீடும், அவற்றில் பிறந்து உழைத்து மாய்ந்த குடிகளுமே உண்டு. இந்த இடர்ப்பாட்டுக்கு 1701-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து முதிய விவசாயி ஒருவர் கண்ட வழி விசித்திரமானது. தம் ஊர்த் தேவாலயத்தில் எந்த வீட்டார் எந்த ஆசனத்தில் அமர்வர் என்பதைக் காட்டும் ஒரு படத்தை அவர் வரைந்துகொண்டார். பின்னர் ஆசனம் ஆசனமாக எடுத்துக்கொண்டு, அதற்குரிய வீடு எது, அவ்வீட்டில் வாழ்ந்தவர் யார் யார், அவர்கள் எவ்வாறு உயர்ந்தனர் அல்லது தாழ்ந்தனர் என்று எழுதிச் சென்றார். அவர் பெயர் ரிச்சர்டு கஃப். ஊரின் பெயர் மிடில்.

மிடில் என்பது இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் நாட்டை அடுத்துள்ள ஷ்ராப்ஷயர் ஜில்லாவில், ஷ்ரூஸ்பரி நகரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 8 மைல் தூரத்தில் இருப்பது. மார்ட்டன், நியூட்டன் முதலிய சிற்றூர்களும் இப்பாரிஷில் அடங்கும். நன்செய் வளம் பெருகிய நாடு அன்று. மாடு வளர்ப்பும் பால் பண்ணையும் பாலடைக்கட்டியுமே குடியானவருக்கு முக்கிய ஆதாரம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே காடு வெட்டப்பட்டது. ஏரி ஒன்று வடிக்கப்பட்டது. காட்டின் ஓரங்களில் நிலமில்லாத ஏழைகள் வந்து குடிசை போட்டுக்கொண்டனர். அந்தக் குடிசைவாசிகளைப் பற்றிப் பின்னர்ச் சொல்லப்படும்.

பாரிஷ் என்னும் சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பங்கு என வழங்குவர். ஆயினும் பழைய இங்கிலாந்தில் பாரிஷ் என்பது வழிபாட்டுக்கு மட்டும் ஏற்பட்ட பிரிவன்று. ஆலயத்தைப் பழுதுபார்க்க வரி விதித்தது பாரிஷ். 1555-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாலைகளைப் பராமரித்தது பாரிஷ். 1601-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழைகளுக்கு உணவளித்ததும் பாரிஷே. இக்காரியங்களைச் செய்த தேவாலயக் காரியஸ்தரும் ஏழைகளின் மேற்பார்வையாளரும் உத்தியோகஸ்தர் அல்லர். ஆண்டுதோறும் மாறிமாறி நியமிக்கப்பெற்ற சாதாரணக் குடியானவர்கள். ஆகவே ஊராருக்கு ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்திருப்பது வம்புப் பேச்சாக மட்டும் இருக்கவில்லை. அது நிர்வாகத்திற்கு இன்றியமையாத அறிவாகவும் இருந்தது.

கஃப் பிறந்தது 1635-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில். பழைய ஆங்கில ஏடுகளில் இது 1634 என்றே காணப்படும். அக்காலத்தில் இங்கிலாந்தில் வருஷப் பிறப்பு மார்ச்சு மாதம் 25-ஆம் தேதி. 1752-ஆம் ஆண்டு முதற்கொண்டுதான் ஜனவரி முதல் தேதி வருஷப் பிறப்பாயிற்று. குடும்ப வரலாறு ஆராய்வோர் இதனை மறந்தால், பெற்றோரின் கலியாணத்திற்கு முன்னமே பிள்ளை பிறந்ததாகக் கணக்கிட்டு ஒரு நல்ல குடும்பத்திற்கு வீண் பழி சுமத்த நேரிடும். கஃபின் முன்னோர் சில தலைமுறைகளாக நியூட்டனில் இருந்த சொந்த நிலக்காரர்கள். அவர் இளமையில் ராபர்ட்டு கார்பெட்டு என்னும் நியாயாதிபதியிடம் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தார். பத்திரங்களைப் படிக்கவும், வழக்கின் உட்பொருளை அறியவும் அங்கே கற்றார். பின்னர்த் தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே வாழ்ந்து, 1723-இல் தமது 88-ஆவது வயதில் காலமானார்.

அவர் முதலில், 1700-இல், தம் பாரிஷைப் பற்றிக் கற்றோர் வழக்கப்படியே ஒரு நூல் எழுதினார். எல்லைகள், பண்ணைப் பிரபுக்கள், குருமார், 1307-இல் அரசரிடம் அனுமதி பெற்று அரண் செய்யப்பட்ட கோட்டை ஆகியவை அதில் முறைப்படி கூறப்பட்டன. அது நல்ல நூலே. ஆனால் அத்தகைய நூல்கள் பல உண்டு. மறு வருஷம் அவர் ஆசனங்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோதுதான் வேறெங்கும் இல்லாத ஒன்று உருவாயிற்று.

ஆசனங்கள் என்று இங்கே சொல்லப்படுபவை பலகையால் அடைக்கப்பட்டு, பலர் சேர்ந்து அமரக்கூடிய இடங்கள். இவை ஆளுக்கு உரியன அல்ல, வீட்டுக்கு உரியன. வீட்டை விற்றால் ஆசனமும் கைமாறும்; வீடு இரண்டாகப் பிரிந்தால் இரு குடும்பத்தார் ஒரே பலகையில் நெருங்கி அமரவேண்டும். முன்வரிசையில் பெரிய பண்ணைக்காரர், அவர்களுக்குப் பின் நடுத்தரக் குடியானவர், கடைசியில் குடிசைவாசிகள் என்று ஊரின் மேடுபள்ளம் முழுவதும் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குள் வெளிப்படையாகத் தெரியும். இதனால் சச்சரவும் எழுந்தது. ஆலய வரி செலுத்தாதவர்களும் சிறுவர்களும் மதிப்புள்ள குடியானவர்களுக்கு முன்னே அமர்வது தகாது என்று பெரியோர் குறைகூறி, இருக்கைகளைத் திருத்தியமைத்த செய்தியைக் கஃப் எழுதிவைத்திருக்கிறார். கடவுள் சந்நிதியிலும் இந்தப் போட்டியா என்று இக்காலத்தார் நகைக்கலாம். ஆசனமே வீட்டின் உரிமைக்குச் சாட்சியாக நின்ற காலத்தில் அது நகைப்புக்கு இடமானதன்று.

இந்த முறையினால் விளைந்த நன்மை பெரிது. சரித்திரக்காரர் தம் விருப்பம்போல் சிலரை எடுத்துக்கொண்டு பலரை விட்டுவிட இயலாமற்போயிற்று. ஒவ்வோர் ஆசனத்திற்கும் பதில் சொல்லியாகவேண்டும். கனவானின் ஆசனத்திற்கு ஒரு வரலாறு உண்டென்றால், காட்டோரத்துக் குடிசைக்காரனின் கடைசிப் பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஏழைகளைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் பணக்காரரைப் பற்றியவற்றைவிடச் சுவையில் குறைந்தன அல்ல.

அவர் எதையும் மறைக்கவுமில்லை. தாமஸ் ஹேவர்டு என்பவர் நல்ல நிலத்திற்கு உரியவர். யாவரும் விரும்பும் இயல்பினர். வீட்டில் மனைவியின் கடுஞ்சொல்லால் அமைதியில்லாமையால், வயிற்றுக்கு உணவு வேண்டியே அவர் மதுச்சாலைக்குச் செல்லத் தொடங்கினாராம். அங்கே நண்பர் கூட்டம் சேர்ந்தமையால் வேளைக்கு வீடு திரும்ப மறந்தாராம். இறுதியில் நிலம் கையைவிட்டுப் போயிற்று. மற்றொரு குடும்பத்தில் கணவன் மனைவி இருவரும் நாள்தோறும் மதுச்சாலைக்கு நடந்தனர் என்றும், சிறிது காலத்தில் அவர்களுடைய பசுக்களும் அதே வழியில் நடந்தன என்றும் கஃப் குறிப்பிடுகிறார். கடனுக்காக மாடுகள் போனதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் வேறு இல்லை. அயலார் வேலியிலிருந்து விறகு திருடும் வழக்கமுள்ள ஒருவனுக்குப் பாடம் கற்பிக்க, ஒரு வேலைக்காரன் காய்ந்த கட்டையைத் துளைத்து உள்ளே வெடிமருந்து வைத்து மூடிவிட்டதும், அது திருடனுடைய அடுப்பில் வெடித்துச் சிதறியதும் அவர் கூறும் கதைகளில் ஒன்று.

இவை வேடிக்கைக் கதைகளாகத் தோன்றினும், ஒரு நிலம் ஏன் கைமாறிற்று என்பதற்கு இவையே விடை. பத்திரத்தில் இன்ன தேதியில் இன்னாருக்கு விற்கப்பட்டது என்று மட்டும் இருக்கும். குடியா, ஜாமீன் கொடுத்து ஏமாந்ததா, வழக்கா, சோம்பலா, பெண்களுக்குச் சீர் கொடுத்துக் கடன்பட்டதா என்று பத்திரம் சொல்வதில்லை. பக்கத்து ஆசனத்தில் அமர்ந்திருந்தவருக்குத்தான் அது தெரியும்.

போர்க்காலத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது இந்நூலின் மிக அரிய பகுதி. 1642-இல் அரசர் சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபோது கஃபுக்கு வயது ஏழு அல்லது எட்டு. மிடில் குன்றின்மேல் ஆண்கள் யாவரும் கூடவேண்டுமென்று ஆணை வந்தது. வேடிக்கை பார்க்க அவரும் ஓடினார். மேட்டின் உச்சியில் ஒருவன் கையில் காகிதத்துடன் நின்றதும், அவன் பக்கத்தில் ஈட்டிகள் நிலத்தில் நட்டு நிறுத்தப்பட்டிருந்ததும், அரசர் படையில் சேர்வோருக்கு வாரம் 14 குரோட்டு சம்பளம் என்று அவன் கூவியதும் அறுபது வருஷங்களுக்குப் பின்னும் அவர் நினைவில் நின்றன. ஒரு குரோட்டுக்கு 4 பென்னி. ஆக நாளொன்றுக்கு 8 பென்னி. வேறு வேலையில்லாத வாலிபருக்கு அது போதுமான தூண்டுதலாயிற்று.

மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று சிற்றூர்களிலிருந்து மட்டும் அரசர் பக்கம் போருக்குச் சென்றோர் 20 பேர் என்றும், அவர்களுள் 13 பேர் மாண்டனர் என்றும் கஃப் கணக்கிட்டிருக்கிறார். அதோடு நில்லாமல் அவர்களுடைய பெயர்களையும் தருகிறார்: இன்னான் தையற்காரன் மகன், இன்னான் எட்ஜ்ஹில் போருக்குப் போனான், அதன் பின் அவனைப் பற்றிச் செய்தியில்லை, இன்னான் நல்ல எதிர்காலமுள்ள இளைஞன், எங்கே இறந்தான் என்பது தெரியாது. பார்லிமெண்டு பக்கம் சென்றவர் சிலரே. அவர்களுள் ஜான் மோல்டு என்பவன் காலில் குண்டு பாய்ந்து, ஆயுள் முழுவதும் வளைந்த காலுடன் நடந்தான். ஊர்க் கருமானின் பட்டறைக்குத் தன் குதிரைக்கு லாடம் கட்ட வந்த அரசர் படைத் தலைவன் ஒருவன் பகைவரால் சுடப்பட்டபோது, அவனுக்காக ஜெபிக்கச் சென்ற குருவின் பின்னே பள்ளிச் சிறுவனாகிய கஃபும் சென்று, தரையில் ஓடிய இரத்தத்தைக் கண்டார். மூன்று சிற்றூர்களில் இத்தனை பேர் என்றால் தேசம் முழுவதிலும் எத்தனை ஆயிரம் பேர் மாண்டிருக்கவேண்டும் என்று அவர் கேட்கிறார். பெரும் போர்களின் சரித்திரங்களில் இந்தப் பதின்மூவரின் பெயர் இல்லை. அவர்களுடைய தாய்மார் அமர்ந்த ஆசனங்களை வரிசையாக எண்ணி வந்த ஒருவராலேயே அவை காப்பாற்றப்பட்டன.

நிலத்தின் உரிமையும் அக்காலத்தில் மக்களின் ஆயுளோடு பிணைக்கப்பட்டிருந்தது. மேற்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் நிலம் மூன்று உயிர்கள் வரைக்கும் என்று குத்தகைக்கு விடப்படும். அதாவது பத்திரத்தில் மூவர் பெயர் எழுதப்படும். பொதுவாகக் குத்தகைக்காரர், அவர் மனைவி, ஒரு பிள்ளை. அம்மூவரில் ஒருவரேனும் உயிரோடிருக்கும்வரை நிலம் அக்குடும்பத்தினது. மூன்றாமவர் கண்ணை மூடியதும் நிலம் பிரபுவுக்குத் திரும்பிவிடும். ஆகவே ஒரு குழந்தையின் காய்ச்சல் அக்குடும்பத்திற்குத் துக்கம் மாத்திரமன்று, குத்தகையின் ஆபத்துமாகும். பெயர் குறிக்கப்பட்டவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், அவர் உயிரோடிருக்கிறாரா என்பதை நிரூபிக்கவேண்டியிருந்தது. கஃப் பிறப்பையும் இறப்பையும் இவ்வளவு கருத்தாகக் குறித்துக்கொண்டது ஏன் என்பது இதனால் விளங்கும்.

இதைவிடக் கடுமையானது ஏழைகளின் நிலை. 1662-ஆம் ஆண்டில் ஏற்பட்ட குடியிருப்புச் சட்டப்படி, ஒவ்வோர் ஏழையும் ஏதேனும் ஒரு பாரிஷைச் சேர்ந்தவனாக இருக்கவேண்டும். அவன் தளர்ந்தால் உணவளிக்கும் கடமை அந்தப் பாரிஷுக்கே. வேற்றூரிலிருந்து வந்தவன் பாரமாகிவிடுவான் என்று தோன்றினால், அவன் வந்த 40 நாட்களுக்குள் முறையிட்டு, அவனைச் சொந்தப் பாரிஷுக்கே திருப்பியனுப்பும் உத்தரவை நியாயாதிபதிகளிடம் பெறலாம். எனவே ஒரு கிழவன் எங்கே பிறந்தான், எங்கே ஒரு முழு வருஷம் வேலைக்கு இருந்தான், எந்த ஊரில் தொழில் பழகினான் என்ற கேள்விகளுக்கு விடை அவனுடைய அப்பத்தை நிச்சயித்தது. 1697-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது: பாரிஷின் உதவி பெறுவோர் தம் வலத் தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் ஏழை என்பதைக் குறிக்கும் எழுத்தையும் பாரிஷின் முதல் எழுத்தையும் தைத்துக்கொள்ளவேண்டும் என விதித்தது.

மிடிலுக்கும் அயல் பாரிஷ்களுக்கும் இடையே நடந்த இத்தகைய வழக்குகளைக் கஃப் தம் நூலில் தனியே எழுதிவைத்திருக்கிறார். முதல் வழக்கில் மிடில் தோற்றது; அதன் பின் ஒன்றிலும் தோற்கவில்லை என்று கடவுளுக்கு நன்றி கூறுகிறார். இவ்விடத்தில் வாசிப்போர் மனம் சற்றுத் தயங்கும். அயலாரின் துன்பங்களை அவ்வளவு பரிவோடு எழுதியவர், ஒரு ஏழையை வேற்றூருக்குத் தள்ளிவிட்டதற்கு மகிழ்வதா? ஆனால் அவர் வரி செலுத்துவோரில் ஒருவர். ஏழைகளுக்கான வரி ஆண்டுதோறும் ஏறுவதைக் கண்டவர். ஊர் நினைவு என்பது ஒருவனைக் குடியாக ஏற்றுக்கொள்ளவும் பயன்பட்டது. அதே நினைவு அவனை வெளியேற்றவும் பயன்பட்டது. கஃபின் நூலில் இவ்விரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. அவர் அவற்றை ஒன்றோடொன்று பொருத்த முயலவுமில்லை.

இனி, இந்நூலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி உண்டு. செவிவழிச் செய்திகள் தவறாதல் இயல்பு. இதைச் சோதிப்பதற்குரிய கருவிகள் இங்கிலாந்தில் மிகுதி. 1538-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி அரசரின் மந்திரி தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்யுமாறு கட்டளையிட்டார். புதிய வரிக்கு இது முன்னேற்பாடோ என்று ஜனங்கள் அஞ்சியதுண்டு. 1598-இல், காகிதத்தில் இருந்தவற்றைத் தோல் ஏடுகளில் பெயர்த்தெழுதவும், ஆண்டுதோறும் ஒரு பிரதியை மேற்றிராணியாருக்கு அனுப்பவும் விதி செய்யப்பட்டது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஊர்களில் பதிவேடுகள் அறுபட்டுப் போயின. அங்கே மேற்றிராணியாரின் பிரதியும் இராது. 1754 முதல் விவாகங்களுக்கும், 1813 முதல் ஞானஸ்நானத்திற்கும் அடக்கத்திற்கும் அச்சிட்ட படிவங்கள் வந்தன; 1837 ஜூலை முதல் தேதி தொடங்கி அரசாங்கமே பிறப்பிறப்பைப் பதிவுசெய்யலாயிற்று. மிடிலின் பதிவேடு 1541 முதல் தொடங்குகிறது.

பதிவேட்டோடு வைத்துப் பார்க்கவேண்டியவை உயில்களும், இறந்தவரின் வீட்டுச் சாமான் ஜாபிதாக்களும். ஒருவர் இறந்தால் அயலார் சிலர் வீட்டிற்குள் சென்று, பாத்திரம், படுக்கை, கலப்பை, பசு, களஞ்சியத்துத் தானியம் ஆகிய எல்லாவற்றையும் எண்ணி மதிப்பிட்டு எழுதுவர். மிடிலின் ஜாபிதாக்கள் லிச்ஃபீல்டு மேற்றிராசனத்தில் சேர்ந்தன. எத்தனை பசுக்கள் ஒரு விதவைக்கு இருந்தன என்பதைக்கூட அவற்றால் அறியலாம்.

கஃபின் நூல் கையெழுத்துப் பிரதியாகவே நெடுநாள் கிடந்தது. 1834-இல்தான் முதன்முதல் அச்சேறிற்று; 1875-இல் மீண்டும் வெளிவந்தது. லெஸ்டர் நகரத்துக் கல்லூரியில் 1948-இல் ஆங்கில ஊர்ச் சரித்திரத்திற்கெனத் தனித் துறை ஏற்பட்ட பிறகு, கிராம வரலாறு ஒரு முறையான கல்வியாக மதிக்கப்படலாயிற்று. அந்தக் கல்வி மரபிலே வந்த டேவிட் ஹே என்னும் ஆசிரியர் மிடிலின் பதிவேடு, உயில், ஜாபிதா, பண்ணைக் கணக்கு ஆகியவற்றைக் கஃப் எழுதியவற்றோடு குடும்பம் குடும்பமாக ஒப்பிட்டு, 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். கஃபின் நினைவு பெரும்பாலும் சரியானதே என்று அவர் கண்டார். சொந்த நிலமுள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஊரிலேயே நிலைத்திருந்ததும், குடிசைவாசிகளும் கூலியாட்களும் வந்து வந்து போனதும் அவ்வாராய்ச்சியில் தெளிவாயிற்று. கஃப் 1701-இல் பலகைகளை எண்ணிச் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. 1981-இல் ஹே பதிப்பித்த கஃபின் மூலநூல் மலிவு விலையில் யாவருக்கும் கிடைக்கலாயிற்று.

பதிவேட்டை மட்டும் கொண்டு ஊர்ச் சரித்திரம் எழுதுவோருக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரே பெயர் தந்தைக்கும் மகனுக்கும் பேரனுக்கும் சிற்றப்பன் மகனுக்கும் இருக்கும். வேல்ஸ் எல்லையில் இன்னும் மோசம். அங்கே முன்னாளில் குடும்பப் பெயரே நிலையாக இல்லை. தந்தையின் பெயரே மகனுக்கு அடையாளமாகித் தலைமுறைதோறும் மாறும். கஃப் இதற்குக் கண்ட பரிகாரம் வீட்டைப் பிடித்துக்கொள்வது. ஆள் மாறுவான், பெயர் குழம்பும். வீடும் அதற்குரிய ஆசனமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அவர் ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் நின்றுகொண்டு, உள்ளே வந்தவர்களையும் வெளியே போனவர்களையும் குறித்தார். லண்டனுக்குப் போய்ச் செல்வரானவரையும், போய்த் திரும்பாதவரையும், ஊரிலேயே இருந்து கெட்டவரையும் அவர் அவ்வாசலிலிருந்தே பார்த்தார்.

குறைகளும் உண்டு. பெண்கள் பெரும்பாலும் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே வருகின்றனர். வருஷத்திற்கொருமுறை எஜமானை மாற்றும் வேலைக்காரருக்கு ஆசனம் இல்லை; ஆசனம் இல்லாதவருக்கு அதிகாரமும் இல்லை என்பதுபோல, ஏதேனும் வம்பில் சிக்கினாலன்றி அவர்கள் பெயர் நூலில் ஏறவில்லை.

மிடிலின் ஆலயக் கோபுரம் 1634-இல், கஃப் பிறப்பதற்குச் சற்று முன்னர், கட்டப்பட்டது. அது இன்றும் நிற்கிறது. கோட்டையில் இடிந்த ஒரு படிக்கட்டுச் சுவர் மட்டும் எஞ்சியிருக்கிறது. கஃப் எண்ணிய ஆசனங்கள் இப்போது ஆலயத்தில் இல்லை. அவை எங்கெங்கே இருந்தன, எந்தப் பலகையில் எந்தக் குடிசைக்காரர் அமர்ந்தார் என்பதை அறிய விரும்புவோர் அவர் வரைந்த படத்தையே பார்க்கவேண்டும்.